நடுத்திட்டு ஜீப்புக்கு ஒரு இன்ஜின்

எழிலரசி ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் ஜீப்பின் இன்ஜின் போயிற்று.

சித்திரை முகூர்த்த நாள். பின்னால் குண்டுமல்லி, காக்கட்டான், சம்பங்கி என்று ஈரத்துணி போர்த்திய பூ மூட்டைகள் மேல்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தன. நடுத்திட்டு, கொள்ளிடத்துக்கு நடுவே மேடிட்டுக் கிடக்கிற படுகை. அங்கிருந்து கரை ஏறுகிற வழி முழுக்க மணல். டெம்போக்காரன் எவனும் கரையைத் தாண்டி உள்ளே இறங்கமாட்டான். டிராக்டர் இறங்கும். ஆனால் அது ஆடி அசைந்து, குலுக்குகிற குலுக்கலில் மொட்டெல்லாம் நசுங்கி, சிதம்பரம் பூக்கடைக்குப் போய்ச் சேரும்போது நல்ல ஏலம் முடிந்திருக்கும். அதனால் திட்டுப் பூ முழுக்க எழிலரசியின் புருஷன் ராஜவேலின் ஜீப்பில்தான் ஏறும். அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

கரை ஏறும் இடத்தில் முதல் கியரில் விட்டு நிற்காமல் ஏற்றிவிட வேண்டும். எழிலரசியும் அப்படித்தான் ஏற்றினாள். மேலே வந்ததும் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. விடிகாலைப் பனி என்று நினைத்தாள். கத்திரி வெயில் காலத்தில் பனி ஏது என்று உறைப்பதற்குள் கருகல் வாடை வந்தது. உள்ளே ஏதோ இரும்பு முறுக்கிக்கொண்டதுபோல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கரையோரத்து நாணலில் காற்று அடிப்பது மட்டும் கேட்டது.

ரேடியேட்டர் ஓஸ் கிழிந்து தண்ணீர் அத்தனையும் வழியிலேயே ஊற்றிப்போயிருந்தது. சூடு காட்டுகிற முள் செத்துப் பல வருஷம்.

பூக்கார அன்பரசுவும் மற்றவர்களும் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ராஜவேல் சொன்னான். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இடது காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் காலைக் கீழே இறக்கினான்.

"பொகை வரும்போதே ஆஃப் பண்ணியிருந்தா இன்ஜின் பொழச்சிருக்கும். கண்ணு எங்க போச்சி ஒனக்கு?"

"முள்ளு வேல செய்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா? எத்தினி வாட்டி சொன்னேன்?"

"எனக்கு முள்ளு எதுக்கு? வாசனையிலயே சொல்லிடுவேன் நானு."

"எனக்கு ஒங்க மூக்கு இல்ல."

போன வருஷம் கண்ணாடிச் சில்லு ஒன்று அவன் இடது காலில் குத்தி, குத்தியதே தெரியாமல் பல நாள் நடந்து திரிந்திருக்கிறான். சர்க்கரை. புண் கறுத்து, இரண்டு விரலை எடுக்கும்படி ஆயிற்று. பூ காத்திருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலேயே எழிலரசியை ஆற்று மணலுக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து, திட்டித் திட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். "கால் ஆறுற வரைக்கும் பாத்துக்க. அப்பறம் நான் ஏறிக்கிறேன்" என்றான். புண் ஆறிவிட்டது. அவன் ஏறவில்லை. நாளைக்கு, அமாவாசை கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். அவளும் கேட்கவில்லை.

சிலம்பரசனின் டிராக்டரில் கயிறு கட்டி ஜீப்பை வல்லம்படுகை ரோட்டில் இருக்கிற பாலகுமார் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப்போனார்கள். அவன் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"ஹெட்டு மட்டும் வளைஞ்சிருந்தா லேத்துல குடுத்து சீவிடலாம்ணா. பிளாக்கே கீறி வுட்டுப்போச்சி. இனிமே வேற இன்ஜின்தான்."

"இதே இன்ஜின் கெடைக்காதா?" என்றான் ராஜவேல்.

"கெடைக்கும். எடைக்கு. பழைய இரும்புக்காரன்கிட்ட."

எழிலரசியின் தம்பி இளவரசு கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்தான். அங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். "வேற இன்னா போடலாம், அதச் சொல்லு" என்றான்.

"ரெண்டு வழி இருக்கு. டி.ஐ. இன்ஜின் போட்டா இப்ப இருக்கற கியர் பாக்ஸுலயே ஒக்காந்துக்கும். மவுண்டிங் கொஞ்சம் மாத்துனா போதும். சத்தம் ஜாஸ்தி, ஒடம்பு கிடுகிடுன்னு நடுங்கும். ஆனா மெதுவா போவும்போதே இழுவ இருக்கும். இன்னொண்ணு டர்போ. கடலூர் பழைய டவுன் ஓ.டி.யில கோவிந்தசாமி யார்டுல ஒரு ஜீப்புலயே மாட்டி ஓட்டிக்காட்ட வெச்சிருக்காரு. ரோட்டுல பறக்கும். ஆனா அதுக்கு கியர் பாக்ஸு, கிளட்ச்சு, ரேடியேட்டரு எல்லாம் சேத்து மாத்தணும். மூக்குப்பக்கம் கனம் ஏறும்."

"டர்போதான்" என்றான் ராஜவேல், அவன் முடிப்பதற்கு முன்பே.

பாலகுமார் எழிலரசியைப் பார்த்தான். அவள் கழற்றிப் போட்டிருந்த ஹெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். ராஜவேலுக்குக் களி பிடிக்காது. விரலால் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றே இல்லை. ஓட்டுக்கு மேலே காகம் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"மாமா, மணல்ல ஓடுற வண்டிக்கி டர்போ எதுக்கு?" என்று இளவரசு மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், நீ மோட்டாரு கட்றவன். ஜீப்பு சங்கதி ஒனக்குத் தெரியாது. இங்கேர்ந்து சிதம்பரம் மட்டுமா? டர்போ இருந்தா பாண்டி மார்க்கெட்டுக்கே நேரா அடிச்சிட்டு வந்துருவேன். இத்தினி வருஷமா அந்த ஒப்பாரி இன்ஜினோட மல்லுக்கட்டிட்டேன். மார்கழியில அத ஸ்டார்ட் பண்றதுக்குள்ள பூ மலந்துபூடும்."

"அடிச்சிட்டு வந்துருவேன்னா? யாரு?" என்று கேட்க இளவரசு வாயைத் திறந்தான். எழிலரசி குழம்புக் கரண்டியை அவன் தட்டுக்கு மேல் நீட்டி அவனைத் தடுத்துவிட்டாள்.

"போயிப் பாத்துட்டு வருவோம். பாக்கறதுல இன்னா" என்றாள்.

சிதம்பரத்தில் பஸ் ஏறிப் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் போனார்கள். ஜன்னலோரத்தில் ராஜவேல். வெளியே போகிற ஒவ்வொரு ஜீப்பையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கிற மெத்தை வைத்த கறுப்புச் செருப்பு காலில். விரல் இல்லாத இடத்தில் செருப்பு பிடிப்பில்லாமல் ஆடும். நடக்கும்போது அவன் அதைக் கவனித்துக் கவனித்து நடப்பான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எழிலரசி கை கொடுத்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கோவிந்தசாமியின் யார்டு உப்பனாற்றங்கரையில். மீன் வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து அடித்தது. வரிசையாக இன்ஜின்கள், மேலே தகரம். ஒரு மூலையில் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. டர்போ போட்ட ஜீப் வெயிலில் நின்றது. பச்சை பெயிண்ட் புதிதாக அடித்தது.

"யாரு ஓட்டிப் பாக்கறீங்க?" என்றார் கோவிந்தசாமி.

"நாந்தான்."

எழிலரசி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏங்க, மொதல்ல அவுரு ஓட்டிக்காட்டட்டும். நாம சத்தத்தக் கேப்போம்."

"சத்தத்தக் கேக்க வீட்லயே போன்ல கேட்ருக்கலாமே."

அவன் வலது பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து ஏறினான். ஏறும்போது இடது செருப்பு கழன்று மண்ணில் விழுந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்தால்தானே பார்ப்பதற்கு. எழிலரசிக்குத் தெரிந்தது. கூப்பிடுவதற்குள் அவன் சாவியைத் திருப்பிவிட்டான். இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. ராஜவேலின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை அவள் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

கியர் போட்டான். ஜீப் மெதுவாக நகர்ந்து யார்டை அரை வட்டம் சுற்றி வந்தது. டயர் அடுக்கின் பக்கம் நிறுத்துவதற்காக வந்தது. நிற்கவில்லை. உறுமி, ஒரு எகிறு எகிறி, டயர் அடுக்கில் மோதி, அணைந்தது. மேலிருந்த டயர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து பானெட்டில் விழுந்து உருண்டன.

"யோவ்! கிளட்ச்ச வுட்டுட்டியே!" என்று கோவிந்தசாமி கத்திக்கொண்டு ஓடினார்.

"வுடல. அமுக்கிக்கிட்டுதான் இருக்கேன். இப்பவும் அமுக்கிக்கிட்டுதான் இருக்கேன், வந்து பாரு!"

அவர்கள் போய்ப் பார்த்தார்கள். அவன் இடது கால் கிளட்ச்சுக்குப் பக்கத்தில், வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பாதத்தின் ஓரம் கிழிந்து ரத்தம் தகரத்தில் பரவியிருந்தது.

ராஜவேல் குனிந்து பார்த்தான். அது வேறு யாருடைய காலோ என்பதுபோல வெகு நேரம் பார்த்தான். எழிலரசி செருப்பை எடுத்து வந்து ஏறுகிற படியில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து புண்ணைக் கழுவி, முந்தானையின் நுனியைக் கிழித்துக் கட்டினாள்.

கோவிந்தசாமி குரலைத் தணித்துக்கொண்டார். "வண்டிக்கி ஒண்ணும் இல்ல, டயருதான. ஆமா, வண்டிய ஓட்டப்போறது யாரும்மா?"

"வெய்யிலு ஜாஸ்தியா இருக்கு. இன்னொரு நாளைக்கி வரோம்ணா" என்றாள் எழிலரசி.

திரும்பும்போது ராஜவேல் ஜன்னலோரம் உட்காரவில்லை. வழியில் எதையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. ராஜவேல் சாப்பிட்டான், மாத்திரை போட்டுக்கொண்டான், ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றி வந்தான். பேச்சு மட்டும் இல்லை. நாற்காலியில் ஒரு இடத்தில் உட்காரமாட்டாமல் வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் அதை இழுத்துக்கொண்டே இருந்தான். எழிலரசி விடியுமுன் எழுந்து அன்பரசு தோட்டத்தில் பூப்பறிக்கப் போனாள். சும்மா இருக்க முடியவில்லை. செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து மொட்டைக் கிள்ளும்போதும் காது கரைப்பக்கமே இருந்தது. சிலம்பரசனின் டிராக்டர் தடதடவென்று வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும்.

"நேத்து பாதிப் பூ கசங்கிப்போச்சி தங்கச்சி. கடைக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கறான்" என்றான் அன்பரசு. "நான் ஒண்ணும் அவசரப்படுத்தல. ஆனா ஆனித் திருமஞ்சனம் வருது. சிலம்பரசன் புதுசா டிரெய்லருக்கு ஸ்பிரிங்கு போட்டுத் தரேங்கறான். வருஷத்துக்கும் அவனுக்கே பேசிவுட்ருங்கன்னு நாலு பேரு சொல்றாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ராஜவேலு வண்டி வரும்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "வருமா?" என்று கேட்டான்.

அவள் பறித்த பூவை அவன் கூடையில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. ராஜவேல் மரத்தடியில் இருந்தான்.

"அன்பரசண்ணன் கேக்கறாரு. வண்டி வருமான்னு."

அவன் நாற்காலியை நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒங்களத்தான்."

"வித்துடு" என்றான். கடலூரிலிருந்து வந்த பிறகு அவன் சொன்ன முதல் முழு வார்த்தை அது. "பாலகுமாரு பாடிய எடுத்துக்கிறேம்பான். குடுத்துரு."

"வித்துட்டு?"

"கரையில ஒரு பொட்டிக்கடை வெச்சிக்கிறேன். நீ பூ பறி. யாருக்காவ இன்ஜினு? நான்தான் ஒண்ணுக்கும் ஆவாதவனாப் பூட்டேனே."

இதுவரை இந்த இடத்தில் அவள் எப்போதும், ஆறிடும், சரியாயிடும் என்றுதான் சொல்லியிருக்கிறாள். வாயில் அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நான் எனக்குப் போட்டுக்கறேன்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"ஒரு வருஷமா நாந்தான ஓட்றேன். ஒங்களுக்காவ ஓட்றேன், ஒங்க வண்டிய ஓட்றேன்னு ஓட்டுனேன். போதும். எனக்கு இது புடிச்சிருக்கு. கரை ஏறும்போது எனக்கு இன்னா தோணும்னு ஒங்களுக்குத் தெரியும். தெரியாதா? ஒங்களுக்கும் அதான தோணும்? கால் போனது ஒங்களுக்கு. எனக்கு ரெண்டு காலும் இருக்கு. எனக்கு ஆவுற இன்ஜினா பாத்து நான் போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். ராஜவேல் அவளைப் பார்த்தான், ஏதோ சொல்லப்போகிறவன்போல. பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் இளவரசுவையும் பாலகுமாரையும் அழைத்துக்கொண்டு கடலூர் போனாள். கோவிந்தசாமி அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணன் வரலியா?" என்றார்.

"ஓட்டப்போறது நாந்தான். டர்போவையே ஒருவாட்டி பாத்துர்றேன்."

ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச் எட்டுவதற்குச் சீட்டின் நுனிக்கு வரவேண்டியிருந்தது. முழுக்க அமுக்கக் கால் நடுங்கியது. ஆனாலும் ரோட்டுக்குக் கொண்டுபோனாள். ஓ.டி. பாலம் தாண்டி நேர் ரோட்டில் அது எடுத்த எடுப்பில் முந்தானை பின்னால் பறந்தது. ராஜவேல் ஏன் இதைக் கேட்டான் என்று புரிந்தது. பாண்டி என்ன, இதை எடுத்துக்கொண்டு எங்கேயும் போய்விடலாம். பக்கத்தில் இளவரசு கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யக்கா, இதையே எடுத்துருக்கா!"

திரும்பி வந்து, ஆற்றோரத்து மணலில் இறக்கினாள். மெதுவாகப் போகும்போது அதற்கு மூச்சு இல்லை. மிதித்தால் ஒரேயடியாகச் சக்கரம் சுழன்று மணலைத் தோண்டியது. முன்பக்கத்துக் கனம் இன்னும் உள்ளே அழுத்தியது. பாலகுமாரும் இளவரசுவும் இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று.

"வேணாம்" என்றாள். சொல்வதற்கு அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

யார்டில் இரண்டு டி.ஐ. இன்ஜின்கள் இருந்தன. ஒன்று பார்க்கப் பளபளவென்று இருந்தது. பாலகுமார் அதை ஓட்டிவிட்டு ஆயில் மூடியைத் திறந்தான். குபுகுபுவென்று புகை. அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கையைத் தள்ளியது; உள்ளே தேய்ந்துபோன இன்ஜின். இன்னொன்று எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக இருந்தது. தரையில் வைத்து பேட்டரி கொடுத்ததும் சட்டென்று பிடித்து, தகரக் கொட்டகையே அதிரக் கத்தியது. மூடியில் கை வைத்தாள். லேசாகத்தான் காற்று வந்தது. ஆனாலும் விடவில்லை. வெளியே டீ குடித்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடியும் பிடித்தது.

"இதாண்ணா. இது போதும்."

"நல்லா யோசிச்சிக்கம்மா. சத்தம் கேட்டேல்ல?" என்றார் கோவிந்தசாமி.

"கேட்டேன். பூவுக்குக் காது கெடயாது."

இளவரசுவின் சிநேகிதன் டெம்போவில் இன்ஜின் சிதம்பரம் வந்தது. வீட்டில் அவள், "டி.ஐ. எடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ராஜவேல், "ம்" என்றான். அவ்வளவுதான். ஷெட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. போன் மட்டும் கையில் வைத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்து போவதும் வருவதுமாக இருந்தான். யாரோடு பேசுகிறான் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுச் சண்டை ஆகிவிடக்கூடாது என்றிருந்தது.

பாலகுமார் முடிந்தது என்று சொல்லியனுப்பிய அன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. மழை வரும்போல இருந்து, வராமல் புழுங்கியது. ஜீப் ஷெட்டுக்கு வெளியே நின்றது. புது ஓஸ், சூடு காட்டுகிற புது முள். அவள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. முதுகு சீட்டில் நன்றாகச் சாய்ந்திருக்க, இடது கால் போய்க் கிளட்ச்சில் தானாக நின்றது. முழுக்க அமுக்கினாள். அமுங்கியது.

"சீட்டு இன்னா, முன்னால வந்துருக்கு?"

"அண்ணன்தான் போன் பண்ணாரு" என்றான் பாலகுமார். "ஒங்க காலு எட்டறதுக்கு இத்தினி ஜாண்னு அளவு சொன்னாரு. அந்த அளவுக்கு முன்னால தள்ளி வெல்டு வெச்சிருன்னாரு. நான்தான் சொன்னேன், வெல்டு எதுக்குண்ணா, முன்ன பின்ன தள்ற மாதிரி ரெயிலு வெச்சுடறேன், நாளைக்கி நீங்க ஒக்காரணும்னா ஒங்க காலு நொழையாதேன்னு." அவன் ஸ்பேனரைக் கையில் மாற்றிக்கொண்டான். "வேணாம், வெல்டே வெச்சிருன்னாரு."

எழிலரசி குனிந்து பார்த்தாள். நான்கு காலிலும் கெட்டியாக வெல்டு வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. விரலால் தொட்டாள். பெயிண்ட் இன்னும் காயாமல் ஒட்டியது. பாலகுமார் எதற்கோ உள்ளே போனான். அவன் திரும்பி வரும்வரை அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

கரை மேல் வரும்போது தூரத்திலேயே ராஜவேல் நிற்பது தெரிந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வெளுத்த வானத்துக்குக் கீழே நெட்டையாக நின்றான். ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்தியும் அது நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாது இது, நெல்லு மிஷினாட்டம் கத்துது" என்றான்.

"அப்டித்தான் கத்தும்."

"எப்டி இழுக்குது?"

"இன்னும் மணல்ல எறக்கல. ஏறுங்க, பாப்போம்."

அவன் சீட்டுப் பக்கம் பார்வையைக் கொண்டுபோகவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இன்ஜினுக்கு முன்னால் சுற்றி இடது பக்கம் வந்தான். தடியை உள்ளே போட்டான். கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து, இடது கால் படியில் பட்டதா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டு ஏறினான். அவள் கை கொடுத்தாள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டான்.

"ரேஸ் குடுக்காத. அதும் போக்குல வுடு" என்றான்.

"தெரியும்."

"முள்ளப் பாத்துக்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க சும்மா வாங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். கீழே அன்பரசுவின் தோட்டத்திலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள். அவள் முதல் கியர் போட்டு மணலில் இறங்கினாள்.